தேங்காயெண்ணெய் குடித்த ட்ராம்போன்

வெட்கப்படுகிறவளாகப் பார்த்துத்தான் கடவுள் ஊர் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். கடையில் உப்பு கேட்பதற்குக்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். (கடைக்காரர் பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வந்துவிடுவேன்.)

என் வீட்டுக்காரர் புத்தலப்பட்டு பேண்டு செட்டில் ட்ராம்போன் வாசித்தார். அதில் அமுக்கப் பொத்தான் கிடையாது. குழாய்க்குள் குழாய், அவ்வளவுதான். வெளிக்குழாயை நீட்டினால் சுரம் இறங்கும், சுருக்கினால் ஏறும். அவருடையது அகலக் குழாய், வாயும் பெரிய புனல் மாதிரி.

"சின்னக் குழாய்னா ஊதறது சுலபம், ஆனா கீச்சுனு கத்தும். இது மூச்சை நெறைய துன்னும். ஆனா சத்தம் கெட்டித் தயிரு கணக்கா வரும்" என்பார்.

அந்தக் கெட்டித் தயிரைத்தான் திருப்பதியில் ஒரு பேண்டு முதலாளி தேடிக்கொண்டிருந்தார். புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். திறப்பு விழாவுக்கெல்லாம் கோட்டுப் போட்ட பேண்டு கேட்டார்கள். அந்த ஊரிலேயே ஒரு கல்யாணத்தில் இவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் இவர் பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகவேண்டியதுதான். நானும் கைக்குழந்தையும் இங்கே.

அந்தப் பயத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குழாயை இழுத்துப் பார்த்தேன். கர்ரென்றது. அவர் முகத்துக்குப் பூசும் கிரீமை மிளகளவு தடவி, மேலே தண்ணீர் தெளிப்பார். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. தலைக்கும், குழந்தைக்கும், கதவுக் கீலுக்கும் ஆகிற தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாதா? வழிய வழிய ஊற்றினேன்.

அவர் வந்து இழுத்துப் பார்த்தார். "இன்னாமே பண்ண? ரயிலு மாதிரி போவுது!" (கல்யாணமாகி அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.)

கார்த்திகை மாதம், விடியற்காலை முகூர்த்தம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். வேலை கிடைத்தால் அப்படியே மலையேறி மொட்டை போடுவதாக வேண்டுதல். வாத்தியங்களை ஜீப்பின் மேல் கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் பனிக்காற்று.

சத்திரத்துக்குப் பக்கத்துக் கோயிலிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம். சால்வை போர்த்திக்கொண்டு முதலாளி வந்து நின்றார். இவர் குழாயை இழுத்தார். அசையவில்லை. காலால் உதைத்துக்கொண்டு இழுத்தார். ஊஹூம்.

"உள்ள இன்னாத்த ஊத்துன?"

"தேங்காயெண்ணெ..."

கிளாரினெட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உறைஞ்சி பூடுச்சி அண்ணி! பாட்டில்ல உறையாது?"

"நெருப்புல காட்டுனா?" என்றேன்.

"ஈயத்தால பத்து வச்ச இடமெல்லாம் வுட்டுக்கும். இந்தா, முந்தானைக்குள்ள வச்சிக் கட்டிப் புடிச்சிக்கினு நட. ஒடம்புச் சூட்டுல உருகட்டும்!" என்று குழாயை மட்டும் கழற்றி என்னிடம் நீட்டினார் இவர்.

டிரம் முழங்கிவிட்டது. கோட்டுப் போட்ட ஆண்களுக்கு நடுவில், என் உயரத்தில் பாதியிருந்த குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நான் நடந்தேன். "பொம்பளையக்கூட பேண்டுல சேத்துட்டாங்களா?" என்றாள் ஒரு மாப்பிள்ளை வீட்டு அம்மாள். பயத்தில் என் கைகால் சில்லிட்டுப்போனது. உடம்பில் சூடு இருந்தால்தானே எண்ணெய் உருகும்?

அப்போது வீடியோக்காரர் தூக்கிவந்த லைட்டு என் மேல் விழுந்தது. முகம் சுட்டது. குழாயும் சுட்டது! வெட்கமாவது ஒன்றாவது. அந்த லைட்டு எங்கே போனாலும் நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றும்போதும், மாமனார் மாலை போடும்போதும் நடுவில் நான், குழாயோடு.

"ஏமம்மா, பக்கக்கி ஜருகு!" என்று தள்ளிப் போகச் சொல்லித் தெலுங்கில் கத்தினார் வீடியோக்காரர். நான் நகரவில்லை.

சத்திர வாசலை நெருங்கும்போது உருகியது. இவர் குழாயைப் பிடுங்கி மாட்டி ஒரே மூச்சாக ஊதினார். கெட்டித் தயிர்தான், தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே கிட்டே வந்தார். இவர் குஷியில் குழாயை வீசி நீட்டினார். அது கையை விட்டு வழுக்கிப் பறந்து முதலாளியின் தொந்தியில் குத்தியது. சால்வை முழுக்க எண்ணெய்.

எனக்குப் பெங்களூர் பஸ்ஸே கண்ணில் தெரிந்தது.

முதலாளி குனிந்து குழாயை எடுத்தார், மோந்து பார்த்தார். "சவுண்டு பாகுந்தய்யா, நல்லா இருக்கு. நாளைக்கே வந்துடு. ஆனா வாத்தியம் என் கடையிலயே இருக்கணும். வீட்டுக்கு எத்துக்கினு போவக்கூடாது."

கடைசிவரை அது எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவே இல்லை. அந்தக் கல்யாண கேசட்டில் பெண்ணை விட நான்தான் அதிகம் இருக்கிறேனாம். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் பேரப்பிள்ளைகள் விடுவதில்லை: "ஆயா, வீடியோக்காரு வந்துட்டாரு. போயி குளிர் காஞ்சிக்கினு வா!"