பலகைக்குக் கொடுத்த டோக்கன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷ அரசாங்க வேலையில் நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் ஒரு கடிதத்தைப் பொய்யாகத் தயாரித்து, முத்திரையும் குத்தி, ஒரு நல்ல மனிதரைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டேன். அவர் செய்த குற்றம், மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தை ஒழுங்காகப் படித்தது.

ஒழுங்காக என்றால் சாதாரண ஒழுங்கு இல்லை. நிதித்துறையில் இருப்பவர்கள், சட்டமன்றத்தில் இருப்பவர்கள், அச்சடித்தவர்கள், பிழை திருத்தியவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறேன்: அந்தப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஜீவன் இந்தப் பூமியில் அவர்தான்.

குடவாசல் பக்கம் ஒரு சின்னப் பாசன அலுவலகம். மொத்தம் எட்டுப் பேர். நான் தலைமை எழுத்தர், எம்.ஏ. படித்தவன் என்ற கர்வத்தையும் சேர்த்தால் ஒன்பது பேர். அவர் லஸ்கர். வாய்க்கால் கரையைப் பார்த்துக்கொள்வது, மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது, இவைதான் வேலை. படிப்பு பத்தாம் வகுப்பு. வருஷா வருஷம் எங்களுக்கு மானியக் கோரிக்கைப் புத்தகம் வரும். 'எங்கள் துறைக்கு இந்த வருஷம் இவ்வளவு வேண்டும், சபை ஒப்புக்கொள்ள வேண்டும்' என்று சட்டமன்றத்திடம் கேட்கிற தடிமனான புத்தகம். எங்கள் அலுவலகத்தில் அதன் உபயோகம், ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் மேலே உட்கார்ந்திருப்பது. அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் மதகின் மேல் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு படிப்பார்.

அப்படிப் படித்ததில் அவருக்குக் கிடைத்த புதையல்தான் வெட்டுத் தீர்மானம். ஒரு துறை மேல் உறுப்பினருக்குக் குறை இருந்தால், 'கேட்ட தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று தீர்மானம் கொடுக்கலாம். கோடிக்கணக்கில் நூறு ரூபாய் ஒரு பொருட்டா? இல்லை. குறையைச் சொல்ல அது ஒரு வாசல். இந்த வாசலைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் வேறு வாசல் வழியாக நடக்கவே இல்லை. வெட்டுத் தீர்மானம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவசரத்துக்குத் தீர்மானம்.

நாலு மணிக்கு டீயும் போண்டாவும் வரும். எல்லாரும் கையில் எடுத்ததும் எழுந்து நிற்பார்.

"போண்டா மேல ஒரு வெட்டுத் தீர்மானம் கொண்டு வர்றேன்."

"யோவ் தீர்மானம், ஆறிடும்யா. தின்னுய்யா."

"எட்டு போண்டா கேட்டிருக்கோம். அதுல கால் போண்டாவைக் குறைக்கணும். அடையாள வெட்டுதான். ஆப்பசோடா அதிகமாப் போடறதைச் சபையோட கவனத்துக்குக் கொண்டு வர்றேன்."

பொறியாளர் கேட்பார்: "யாரோட போண்டாவுல கால் பாகம்?"

"அதான் சார் விவாதம்."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, சட்டமன்றத்தில் சொல்வதைப் போலவே, "ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க" என்பார். எல்லார் வாயிலும் போண்டா. ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. 'ம்' என்று ஒரு சத்தம் வரும். "தீர்மானம் தோல்வி" என்று அவரே அறிவித்துவிட்டு, தன் போண்டாவை முழுசாகச் சாப்பிடுவார்.

"எப்பவும் தோத்துத்தானேய்யா போறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜெயிக்கவா சார் கொண்டு வர்றோம்? பதில் சொல்ல வைக்கத்தானே?" என்றார். மறுநாள் டீக்கடையிலிருந்து வந்த போண்டாவில் ஆப்பசோடா குறைந்திருந்ததை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டிலும் இதே கதை. அவர் மனைவி கமலாதான் சபாநாயகர். மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் என்னென்ன போடுவது என்று பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு கோரிக்கை. ஒவ்வொன்றின் மேலும் இவர் ஒரு வெட்டு. அவியலுக்கே ஒன்றரை மணி நேரம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள் கரண்டியால் சமையல் மேடையில் ஒரு தட்டுத் தட்டி, "நேரம் முடிஞ்சிடுச்சு. மிச்சம் இருக்கறது எல்லாம் பேச்சில்லாம நிறைவேறிடுச்சு. எந்திரிச்சுப் போயி வாழையிலைக்குச் சொல்லிட்டு வாங்க" என்றாராம்.

இவர் கோபப்படவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பரவசத்தோடு சொன்னார்: "சார், கடைசி நாள்ல நேரம் பத்தாம போனா, பாக்கிக் கோரிக்கை எல்லாத்தையும் சபையில மொத்தமா ஓட்டுக்கு விட்டுருவாங்க. அதுக்குக் கில்லட்டின்னு பேரு. புத்தகத்தைத் தொட்டதுகூட இல்ல சார் அவ. தானா வந்திருக்கு!"

இத்தனை வேடிக்கைக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடியதில்லை. அவர் பொறுப்பில் ஒரு கடைமடை மதகு இருந்தது. அதன் பலகை உளுத்து, கீழ்ப்பக்கம் ஒரு முழம் உடைந்து போயிருந்தது. ஜூனில் தண்ணீர் வந்ததும், தேங்காமல் ஓட்டை வழியே வடிகாலுக்கு ஓடிவிடும். கடைசியில் இருக்கிற வயல்களுக்கு ஏறாது. ஒவ்வொரு வருஷமும் இவர் சாக்கு, வைக்கோல், களிமண் எல்லாம் திணித்து, மார்பளவு தண்ணீரில் நின்று அடைப்பார். அடைத்தது மூன்று நாளில் பிய்த்துக்கொள்ளும். மறுபடி இறங்குவார். நாற்றங்காலைக் காப்பாற்றிக் கொடு என்று ஜனங்கள் நிற்பது கரையில். இவர் நிற்பது ஓட்டையில்.

பழுது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எழுதுகிறவன் நான். மூன்று வருஷம் மனுக் கொடுத்தார். மூன்று வருஷமும் அது என் மேசை இழுப்பறைக்குள் போனது. பகை ஒன்றுமில்லை. ஒரு பலகைக்காகப் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டுமே என்ற சோம்பல்தான். மூன்றாவது வருஷம் மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். கூட்டம் முடியும் சமயத்தில் கடைசி வரிசையிலிருந்து இவர் எழுந்தார்.

"ஐயா, ஆகாயத்தாமரை எடுக்கக் கேட்டு வாங்கின பணத்துல பாதி செலவாகல. மார்ச் முப்பத்தொண்ணுல திருப்பி அனுப்பிட்டாங்க. சபை கொடுத்ததை வேண்டாம்னு திருப்பறோம், மதகுக்கு மட்டும் இல்லைங்கறோம். இதுக்கு ஒரு பதில் வேணுங்க."

செலவழிக்க வேண்டிய கோப்பை மறந்தவன் நான். விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. எட்டுப் பேர் முன்னால், ஒரு லஸ்கரால்! எம்.ஏ. கர்வம் கொதித்தது. அன்று சாயங்காலமே அந்தக் கடிதத்தை அடித்தேன்.

'தங்கள் மதகு குறித்த கோரிக்கை மன்றத்தின் பார்வைக்கு வந்துள்ளது. எங்கள் துறைக்கான மானியக் கோரிக்கை விவாதிக்கப்படும் நாளில் தாங்கள் பார்வையாளர் மாடத்தில் இருக்குமாறும், தேவைப்படின் விளக்கமளிக்க ஆயத்தமாக வருமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' கீழே ஒரு பழைய முத்திரை. தேய்ந்து, எந்த அலுவலகம் என்றே தெரியாது. அதனாலேயே அசலாக இருந்தது.

அவர் அதை அலுவலகத்தில் விரித்து வைத்துப் பெருமையடிப்பார், நாங்கள் சிரிப்போம், கதை முடியும். இதுதான் என் திட்டம். அவரோ யாரிடமும் மூச்சுவிடவில்லை. 'சொந்த வேலை' என்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விசாரித்தால், கும்பகோணத்தில் ரயிலேறினாராம். வெளுத்த வேட்டி, புதுத் துண்டு, கையில் செய்தித்தாள் சுற்றி ஒரு நீளமான பொட்டலம். பொட்டலத்துக்குள் மதகுப் பலகையின் உடைந்த துண்டு.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்க் கடிதத்தோடு ஒருவர் கோட்டை வாசலில், கையில் ஒரு கட்டையோடு நிற்கிறார். பிடித்து உட்காரவைத்திருப்பார்களோ? நான்காம் நாள் காலையில் அவர் உள்ளே வந்தபோது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேன்.

"என்ன சார், எந்திரிச்சிட்டீங்க?" என்றார். பிறகு எட்டுப் பேரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"வாசல்ல ஒரு போலீஸ்காரர். கடுதாசியைப் பார்த்தார். 'இப்படியெல்லாம் கூப்பிட மாட்டாங்களே பெரியவரே'ன்னார். 'கையில என்ன?'ன்னார். 'சாட்சி'ன்னேன். சிரிச்சிட்டார். 'உங்க ஊரு எம்.எல்.ஏ. விடுதிக்குப் போங்க, பார்வையாளர் சீட்டு வாங்கிட்டு வாங்க'ன்னார். போனேன். மறுநாள் சீட்டுக் கிடைச்சுது. பலகையை மட்டும் உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. அதை வாங்கி வச்சிக்கிட்டு ஒரு டோக்கன் கொடுத்தாங்க."

ஜேபியைத் தடவிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பலகைக்கு டோக்கன் கொடுத்தாங்க சார். நம்ம ஆபீஸ்ல மூணு வருஷமா அதுக்கு ஒரு நம்பர்கூடக் கொடுக்கல."

எட்டுப் பேர் சிரித்தார்கள் என்று எழுத ஆசை. ஏழு பேர்தான் சிரித்தார்கள். அந்த ஏழில் நான் இல்லை.

"அப்புறம்? நம்ம துறை வந்துதா?" என்று பொறியாளர் கேட்டார்.

"வந்துது சார். எத்தனை வெட்டுத் தீர்மானம்! ஒவ்வொருத்தரும் ஊரு ஊரா வாய்க்கால், ஏரி, கதவணைன்னு பேசறாங்க. அமைச்சர் பதில் சொல்றார். கடைசியில எல்லாரும் வெட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 'ஏற்போர் ஆம் என்க.' ஒரே மூச்சு. அத்தனை கோடியும் நிறைவேறிடுச்சு. நம்ம போண்டாவுக்கு இதைவிட அதிக நேரம் எடுத்திருக்கோம் சார்."

"மதகு?"

"மதகு வரல. வரவும் வராது. புத்தகத்துல 'சிறு பழுதுகள்'னு ஒரு வரி இருக்கு. அந்த வரிக்குத்தான் சபை ஆம் சொல்லுது. அதுக்குள்ள எந்தப் பலகைன்னு பிரிச்சு எழுதறது அங்க இல்ல. மேல உக்காந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது." என் மேசையை விரலால் தொட்டார். "இங்க."

அன்று மத்தியானமே இழுப்பறையைத் திறந்தேன். மூன்று மனுக்களையும் எடுத்து, மதகைப் பட்டியலின் முதல் வரியில் எழுதினேன். அனுமதிக்காக நானே தஞ்சாவூர் போய் வாசலில் காத்திருந்தேன். மே மாதம் உத்தரவு வந்தது. ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் பலகை, இரும்புச் சட்டம், சிமெண்ட், கூடவே 'இன்னார் காலத்தில் சீரமைக்கப்பட்டது' என்று ஒரு கல்வெட்டு. தீர்மானம் எழுந்தார்.

"கல்வெட்டு மேல ஒரு வெட்டு."

"எவ்வளவு? நூறு ரூபாயா?" என்றேன்.

"முழுசா. கல்வெட்டை என்ன, தண்ணியா சார் நின்னு படிக்கப் போவுது? அந்தக் காசுல மாத்துப் பலகை ஒண்ணு செஞ்சு வச்சிக்கலாம்."

"ஏற்போர் 'ஆம்' என்க" என்று நானே சொன்னேன். எல்லாரும் ஆம் என்றார்கள். அவர் வாழ்க்கையில் ஜெயித்த முதல் தீர்மானம். மனுஷர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த ஜூனில் தண்ணீர் வந்தபோது கரையில் போய் நின்றேன். புதுப் பலகை இறங்கியது. தண்ணீர் முட்டி, தேங்கி, திரும்பி, கடைசி வயலை நோக்கி நடந்தது. வேட்டி நனையாமல் அவரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நல்லது செய்துவிட்டோமே, போதாதா என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. அது பொய் என்று மனசுக்கே தெரியும்.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம் கழித்துத் திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம். தீர்மானம் தம்பதியாக வந்திருந்தார். பதினாறு கலசம் என்று பேசியிருந்தோம். என் மகன்கள் ஆசைப்பட்டு அறுபத்து நாலு வைத்துவிட்டார்கள். குருக்கள் மந்திரத்தை ஆரம்பிக்கும் முன்பே பின்னாலிருந்து குரல்: "பதினாறுக்கு ஒப்புதல் வாங்கிட்டு அறுபத்து நாலு வைக்கறாங்களே, துணைக் கோரிக்கை வச்சாங்களா?" குருக்கள் திரும்பிப் பார்த்து, "அது யாரு, ஆடிட்டரா?" என்றார்.

பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கழுத்தில் மாலை, இலையில் பாயசம். சொல்லிவிட்டேன். முத்திரை முதற்கொண்டு எல்லாவற்றையும்.

அவர் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டார். "தெரியும் சார்."

"எப்போ?"

"கடுதாசி கைக்கு வந்தப்பவே. அரசாங்கக் கடுதாசி எந்தக் காலத்துல சார் தேதிக்குப் பத்து நாள் முன்னாடி வந்திருக்கு?"

"தெரிஞ்சுமா போனீங்க?"

"கடுதாசிதான் பொய். ஓட்டை நெசந்தானே?" ஒரு வாய் சாப்பிட்டார். "அதோட, என்னைத் 'தாங்கள்'னு எழுதி வந்த முதல் கடுதாசி அது. பெட்டியில வச்சிருக்கேன்."

எனக்கு இலை மங்கலாகத் தெரிந்தது. பதினைந்து வருஷம் அவரை 'யோவ்' என்று கூப்பிட்டவன் நான். அலுவலகத்தில் எழுந்து நின்ற அந்தக் காலையிலிருந்துதான் 'வாங்க' என்கிறேன். "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கையைக்கூடக் கழுவவில்லை. இலைக்கு முன்னாலேயே எழுந்து நின்றார். பந்தி மொத்தமும் திரும்பியது. கமலா அம்மாள், "ஆரம்பிச்சிட்டாரு" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மன்னிப்புக்கான கோரிக்கை ஒண்ணு வந்திருக்கு. அதுல ஒரு சின்ன வெட்டு. நூத்துல ஒரு பங்கைக் குறைச்சு, மிச்சத்தை நிறைவேத்தறோம்."

"அந்த ஒரு பங்கு?" என்றேன்.

"அது நிலுவையில இருக்கட்டும் சார். மொத்தமா முடிச்சிட்டா, நீங்க எதுக்கு நம்ம ஊருப் பக்கம் வரப்போறீங்க?"

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஜூனில் தண்ணீர் வரும் வாரம் நான் பஸ் ஏறிவிடுவேன். மதகின் மேல் இரண்டு கிழவர்கள் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கமலா அம்மாள் போண்டா கொடுத்தனுப்புவார். கிளம்பும்போது தவறாமல் கேட்பேன்: "இந்த வருஷமாவது நிறைவேத்தலாமா?" அவர் வாய் நிறைய போண்டாவோடு 'ம்' என்பார். அது ஆமா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.