சந்திரப் பேனாவும் கற்பூர பயோடேட்டாவும்

"நாலு மாசம், மூணு மாசம், அஞ்சு மாசம். ஏம்மா, எந்த வேலையிலயும் நிலைச்சு நிக்க மாட்டியா?"

எந்தக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனாலும் இந்தக் கேள்வி ஜெயஸ்ரீக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அவள் வெல்டிங் இன்ஸ்பெக்டர். பற்றவைத்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். இந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் அகப்படவில்லை. காட்டுப்பள்ளியில் ஒரு நிரந்தர வேலைக்கு நாளை நேர்காணல். அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள்.

பதிலை அவள் அம்மா குணசுந்தரி கண்டுபிடித்துவிட்டாள்.

"திருவொத்தியூர்ல அப்பாவு சித்தர் கீறாரு. பயோடேட்டாவுக்குத் தோஷம் கழிக்கிறாராம். ஊரே அங்கதான் நிக்குது, வாடி."

ஊரே நின்றது உண்மைதான். "குறைந்த மாத வேலையா? கவலை வேண்டாம், கற்பூரம் போதும்!" என்று பேனர் பளபளத்தது. முன்பெல்லாம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஜனங்கள் இப்போது பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். முன்னேற்றம்தானே! எந்த வேலையை விடலாம், எதில் சேரலாம் என்பதையும் சித்தர் திசை பார்த்தே சொல்லிவிடுவார். வடக்கே எண்ணூர் ஆகும், தெற்கே ராயபுரம் ஆகாது. தட்சணை ஒரு வஞ்சிரம். சித்தர் சுத்த சைவம். ஆனால் வஞ்சிரம் கடலில் விளையும் காய் என்று ஞானதிருஷ்டியில் கண்டிருக்கிறார்.

சடங்கு எளிமையானது. சித்தர் இரண்டு பேனா தருவார். ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்த வேலையைச் சூரியப் பேனாவால் எழுத வேண்டும். அதற்குக் குறைந்ததைச் சந்திரப் பேனாவால் எழுத வேண்டும். அந்தத் தாளைக் கற்பூரத் தீக்கு மேலே பிடித்தால், தோஷமுள்ள வேலைகள் மட்டும் மாயமாய் மறைந்துவிடும்! எந்தப் பேனாவால் எழுதியது மறைகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? கும்பிடும்போது கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்கிறார்களே!

வரிசையில் பக்கத்து வீட்டு ரஞ்சித்தும் நின்றான். இரண்டாம் முறையாக வந்திருக்கிறான்.

"போன வாரம் மூணு வேலை மறைஞ்சிச்சு ஜெயா. சித்தர் சொன்ன மாரி மீதி வேலையோட தேதியை இஸ்துப் போட்டேன். கம்பெனிக்காரன் பி.எஃப். கணக்கைத் தொறந்தான். மறைஞ்ச மூணும் அங்க குந்திக்கினு கீது! பொய் சொன்னியான்னு வெளிய அனுப்பிட்டான்."

"அப்புறம் இன்னாத்துக்கு திரும்ப வந்தே?"

"எனக்கு நம்பிக்கை பத்தலையாம். சித்தர் சொன்னாரு."

அம்மா பேச்சைக் கேட்டால் நாளை ஜெயஸ்ரீக்கும் இதே கதிதான். அவள் பைக்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. சந்திரப் பேனாவால் மூன்று வேலைகளையும் எழுதினாள். அடியில் இன்னொரு வரியும் எழுதினாள்: "அப்பாவு சித்தர், இமயமலை, பன்னிரண்டு வருஷத் தவம்." சித்தர் கண்ணை மூடி முணுமுணுத்த நேரத்தில் தாளை வரிசைக்குத் திருப்பிக் காட்டினாள். பிறகு அவரிடம் நீட்டினாள். கற்பூரச் சூடு பட்டது. தாள் வெறும் வெள்ளை.

"சாமி, உங்க தவமும் சேர்ந்து பூட்ச்சே! பன்னண்டு வருஷத்துல இன்னா தோஷம்?"

ஏற்கெனவே தன் தாளைக் காட்டி முடித்துப் பின்னால் நின்ற உசேன் குரல் கொடுத்தார். "இமயமலையும் கான்ட்ராக்ட் வேலைதானா சாமி?"

சித்தர் அசரவில்லை. "மகளே, அது மேலுலகம் சென்றுவிட்டது. ஈரேழு உலகத்திலும் இனித் திரும்பாது!"

"அப்டியா?"

தட்சணை வஞ்சிரம் இருந்த தெர்மாகோல் பெட்டியை ஜெயஸ்ரீ திறந்தாள். சடங்கைப் பற்றிக் கேட்டபோதே சந்தேகப்பட்டுப் பையில் போட்டு வந்த உப்புப் பாக்கெட்டைப் பிரித்து ஐஸின் மேல் கொட்டிக் கிளறினாள். தாளைப் பாலித்தீன் கவரில் போட்டு உள்ளே புதைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது மூன்று வேலைகளும் வந்துவிட்டன. கடைசி வரியும் வந்துவிட்டது.

"குளிரைப் பாத்ததும் இமயமலை வந்துட்ச்சு பாருங்க!" என்றாள். "இது பசங்க எழுதற, தேச்சா அழியற பேனா. தேக்கற சூட்டுலதான் அந்த மை நிறம் பூடும். கடுங்குளிர்ல திரும்பி வரும். வெறும் ஐஸ் பத்தாது, உப்பு போட்டாத்தான் குளிர் இன்னும் எறங்கும். குல்ஃபிக்காரரைக் கேளுங்க, சொல்லுவாரு."

சித்தரின் செந்தமிழ் அப்போதே ஆவியாகிவிட்டது. "ஏய், இன்னாமே, பொழப்புல கைய வைக்கிறே?"

"உன் பொழப்பு இர்க்கட்டும், என் வஞ்சிரத்த வுடு!" என்று குணசுந்தரி பெட்டியைப் பிடுங்கினாள்.

வரிசை முழுவதும் பெட்டியை மொய்த்தது. அன்றும் போன வாரமும் எழுத்து மறைந்த ஒவ்வொரு தாளும் உள்ளே போய் எழுத்தோடு திரும்பியது. ஜெயஸ்ரீ வாங்கி வாங்கிப் படித்தாள். ரஞ்சித்துக்கு ஷட்டவுன் வேலை. உசேனுக்கு ஷட்டவுன் வேலை. அவளுக்கும் அதேதான். ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். பழுது முடிந்ததும் ஆளை அனுப்பிவிடுவார்கள். இந்தக் கரையில் பாதிப் பேரின் பிழைப்பு இதுதான். ஊருக்கே ஒரே தோஷம் என்றால், அது தோஷமா, தொழிலா?

மறுநாள் காட்டுப்பள்ளியில் அதிகாரி அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"நான் எதையும் விட்டுட்டுப் போகல சார். மூணும் ஷட்டவுன் வேலை. மூணுலயும் பழுது முடியிற வரைக்கும் இருந்தேன். அதான் ஒண்ணா எழுதியிருக்கேன்."

அதிகாரி தலையாட்டினார். அடுத்த கேள்வி வெல்டிங்கைப் பற்றி வந்தது. இத்தனை நேர்காணல்களில் அவளுடைய தொழிலைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் செய்தது இவ்வளவே. குறுகிய கால வேலைகளை மறைக்காமல், தேதியை இழுக்காமல், "ஷட்டவுன் ஒப்பந்த வேலைகள்" என்று ஒரே தலைப்பின் கீழ் சேர்த்தாள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தாள், ஏன் முடிந்தது என்று ஒரு வரி எழுதினாள். இதற்குக் கற்பூரம் வேண்டாம். மூளையைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும். பயப்படாதீர்கள், அது மறைந்துவிடாது.