காடி முசேயும் அன்னாசி வாசனையும்

எதைக் கையில் கொடுத்தாலும் அமிலமாக்காமல் விடாத மனிதர் சைகோனில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே அறையில் குடியிருந்த பாக்கியசாலி நான்.

காரைக்கால்காரர். சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் கெமிஸ்ட். எங்கள் த்ருவோங் டின் தெருவில் அவர் பெயர் காடி முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. மிச்சமான ஒயினைத் திறந்த பாட்டிலில் புளிக்கவிட்டுக் காடியாக்குவார்.

"சாராயம் காத்தோட சேந்தா அமிலம், தம்பி. அவ்வளவுதான்" என்பார்.

அந்த 'அவ்வளவுதான்' எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காடியில் சோடா உப்பைப் போடுவார். நுரை பொங்கிக் கட்டிலில் வழியும். கட்டில் என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெட்டுப்போன வெண்ணெயைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சி, கந்தக அமிலம் விட்டு, புதிதாக ஓர் அமிலம் எடுத்தார். நாற்றமா அது! யாரோ வாந்தியெடுத்துப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது போல இருந்தது. மீன் சாற்றுக்கும் துரியன் பழத்துக்கும் அசராத வீட்டுக்கார மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இந்த நாத்தம் போவணும். இல்லன்னா நீங்க போவணும்."

சண்டைக்குப் பயந்து ஜனங்கள் சைகோனுக்குள் வந்து அடைந்திருந்த காலம். வேறு அறைக்கு எங்கே போவது? முசேயோ நிதானமாக அந்த அமிலத்தில் சாராயத்தை ஊற்றி, சில சொட்டு கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அன்னாசிப்பழ வாசனை!

மதாம் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அன்னாசி வாங்கியாந்தீங்களா முசே? சரி, இங்கயே இருங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. வேகமாகத் தலையாட்டினேன். முசே ஆட்டவில்லை.

"பழமில்ல மதாம். காலைல இருந்த அதே நாத்தந்தான். சாராயத்தோட சேந்து இப்படி ஆயிருக்கு."

"வெளையாடாதீங்க. நாத்தம் எப்படி வாசனையாவும்?"

இது போதாதா? நான் தடுப்பதற்குள் காஸ்டிக் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி கந்தக அமிலத்தை விட்டார். நாற்றம் சகல மரியாதைகளோடும் திரும்பி வந்தது.

"வெளிய போங்க முசே!" என்று கத்திய மதாம், என்னிடம் மட்டும் குரலைத் தணித்தார். "தம்பி, நீ இருந்துக்க."

சற்று நேரத்தில் சைக்ளோ ரிக்‌ஷாவில் பெட்டி படுக்கையோடு முசே உட்கார்ந்திருந்தார். எங்கே போவதென்ற கவலையே அவருக்கு இல்லை.

"மதாமுக்குப் புரிஞ்சிருக்குமா தம்பி?"

"நல்லாப் புரிஞ்சிருக்கும் முசே. கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றபடி என் பெட்டியையும் ஏற்றினேன்.

அவர் சொன்னதில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அது மட்டும்தான் தெரிந்தது.