ஒரு மீன் முட்டையும் பதினான்கு அறிஞர்களும்

ஒழுங்கு தவறாத நிர்வாகம் இந்த உலகத்தில் இரண்டே இடங்களில்தான் நடக்கிறது. ஒன்று மீன் முட்டைக்குள். மற்றது கண்டியில், மகாவலியைப் பார்த்தபடி நிற்கும் 'கருவளர்ச்சி ஆய்வு நிலைய'த்தில். எந்தப் பரம்பரையலகு, அதாவது மரபணு, எப்போது வாய் திறக்கலாம், எது பொத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று முட்டைக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. நிலையத்திலும் உண்டு.

கஜனி அங்கே 'தற்காலிக' ஆய்வு உதவியாளர். ஆறு வருடங்களாகத் தற்காலிகம். வரிக்குதிரை மீன் காலை வெளிச்சம் பட்டதும் முட்டையிட்டுவிடும். கூட்டம் கூட்டி அனுமதி பெறும் நாகரிகம் அதற்குத் தெரியாது. ஆகவே கஜனி பன்விலவில் முதல் பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டையில் மாறி, மற்ற எல்லோருக்கும் முன்னால் தொட்டியடியில் நிற்பாள்.

முதல் மூன்று மணித்தியாலம் கரு, தாய் வைத்துவிட்டுப் போன செய்திகளில்தான் ஓடுகிறது. பிறகுதான் சொந்தப் பரம்பரையலகுகள் விழிக்கின்றன. அதுவரை அவற்றைப் பூட்டி வைத்திருப்பது எது என்று கஜனி கண்டுபிடித்தாள். கட்டுரையும் எழுதினாள். அதில் பெயர் வந்தால் திங்கட்கிழமை நேர்முகத்தில் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீடு.

வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. பணிப்பாளர் கலாநிதி யோகராஜ் தலைமை தாங்க, செயலாளர் நுஸ்கி கட்டுரை ஆசிரியர்களின் பட்டியலை வாசித்தார். பதினான்கு பெயர்கள். பணிப்பாளர், பிரதிப் பணிப்பாளர், தொட்டிக்கு நாடா வெட்டியவர், தொட்டி வாங்கக் கையெழுத்து வைத்தவர், வைக்க மறுத்துப் பிறகு மனம் மாறியவர்...

"சேர், என் பேரு இல்லீங்களே?" என்றாள் கடைசி நாற்காலியில் இருந்த கஜனி.

"இருக்கும்மா! ஏன் இல்லாம?" என்றார் பணிப்பாளர்.

"எங்கங்க சேர்?"

"மீனோட உடம்புல ஒவ்வொரு கலத்துலயும் எல்லாப் பரம்பரையலகும் இருக்குதானே? அதுக்காக எல்லாமா வெளிப்படுது? கண்ணுக்குரியது வால்ல வெளிப்பட்டா மீன் என்னாகும்? ஒங்க பேரும் கட்டுரை பூரா இருக்கு. இப்போதைக்கு வெளிப்படல. அவ்வளவுதான்."

சபை மெய்சிலிர்த்தது. விஞ்ஞானத்தையே மூச்சாக விடும் தலைவருக்கு நன்றித் தீர்மானம் கொண்டுவந்தார் பிரதிப் பணிப்பாளர் பிரேமிளா. கஜனி தன் ஆய்வுக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள்.

அடுத்த விடயம், கட்டுரையைப் பரிசீலிக்கும் சஞ்சிகையின் கடிதம். ஒரே ஒரு கேள்வி: அந்தப் பூட்டு திறக்காமலே போனால் கரு என்னவாகும்?

"நாலு மணிக்குள்ள பதில் அனுப்பணும் சேர்," என்றார் நுஸ்கி. "இல்லாட்டி கட்டுரைய எடுக்க மாட்டாங்களாம்."

"சின்னக் கேள்விதானே!" என்ற யோகராஜ் பிரேமிளாவைப் பார்த்தார். பிரேமிளா நாடா வெட்டியவரைப் பார்த்தார். நாடா வெட்டியவர் யன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். மணி மூன்றரை.

"கஜனி, பதில் ஒங்ககிட்ட இருக்குதானேம்மா?"

கஜனி குறிப்புப் புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இருக்குங்க சேர். இப்போதைக்கு வெளிப்படல."