பாலித் தீவுக்கு நாங்கள் போகாத விஷயமாக மாப்பிள்ளைக்கு

உடுமலைப்பேட்டை மாப்பிள்ளை சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, மண்ணரையிலிருந்து உங்கள் மச்சான் கந்தப்பன் எழுதிக்கொண்டது. உங்கள் தோப்பில் வெள்ளை ஈ ஒழிந்து குலைகுலையாய்க் காய் இறங்கவும், தங்கச்சி சித்ராதேவிக்கு முழங்கால் வலி தீரவும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் இத்தோடு முடிந்தது. இனி எழுதப்போவது முழுக்க உங்கள் மேலுள்ள வருத்தம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ‘மாப்ள’ என்று ஆரம்பித்தாலே உங்கள் அக்கா பழனாயி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். அதனால்தான் காகிதம்.

சித்திரையில் நீங்களும் தங்கச்சியும் ஜோடியாகப் பாலித் தீவுக்குப் போய் வந்தீர்கள். உங்கள் இஷ்டம். திரும்பியவர் நேராக உடுமலைப்பேட்டைக்குப் போயிருக்க வேண்டியதுதானே? எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, போனை நீட்டி, குளத்துத் தண்ணீரில் மிதக்கிற தட்டிலிருந்து நீங்கள் பப்பாளி எடுத்துத் தின்கிற படத்தை உங்கள் அக்காவிடம் காட்டவேண்டிய அவசியம் என்ன? பப்பாளி உங்கள் வரப்பிலேயே பழுத்து விழுகிறது, அதைத் தின்ன ஆளில்லை. அந்தப் படத்தில் நாலாபக்கமும் தென்னைமரம் வேறு. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தென்னைமரம் பார்க்கக் கடல் தாண்டிப் போனதை நான் உங்கள் மூலமாகத்தான் கேள்விப்பட்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது பழனாயி, “ஏனுங்க, நாமளும் ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா?” என்றாள். நான் அப்போது பனியன் துணிக்கு நேவி ப்ளூ கேட்டால் கறுப்புச் சாயமேற்றி அனுப்பிய பட்டறைக்காரனோடு போனில் இருந்தேன். “ம்” என்றேன். அந்த ‘ம்’ அவனுக்குச் சொன்னது, மாப்பிள்ளை! உங்கள் அக்கா அதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே டிராவல்ஸ் ஆபீஸ். அங்கே ஜெபக்குமார் என்றொரு தம்பி, நல்ல பையன், திருநெல்வேலிப் பக்கம். எடுத்த எடுப்பில், “சார், பேமிலி பேக்கேஜா, ஹனிமூன் பேக்கேஜா?” என்கிறான். எனக்கு வயது ஐம்பத்தாறு. பேரன் எடுத்தாயிற்று. நான் வாய் திறப்பதற்குள் உங்கள் அக்கா சொல்கிறாள்: “ஹனிமூனே போடுங்க தம்பி. கண்ணாலமான மூணாம் நாளே ஷிப்மெண்டுன்னு கம்பெனிக்குப் போனவரு. எங்களுக்கு அது இன்னும் ஆகவே இல்லீங்க.” ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. ஜெபக்குமார் படம் படமாய்க் காட்டினான். துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறார்கள். துணித் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், துண்டு என்பது துடைக்க. குளியலறைக்குக் கூரையே இல்லை. “அதாம் சார் ஸ்பெஷல், வானத்தைப் பாத்துட்டே குளிக்கலாம்” என்கிறான். மாப்பிள்ளை, நாம் சின்ன வயதில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் குளித்தோம். பாடுபட்டுச் சம்பாதித்துக் கூரை போட்டது எதற்கு?

அத்தோடு விட்டார்களா? “சாருக்கு நீச்சல் தெரியுமா? படகுல கூட்டிட்டுப் போய் மீன் காட்டுவாங்க” என்றான். “எங்க தோட்டத்துக் கெணத்துல நானு மோட்டார் ரூம்பு மேல இருந்து குதிப்பனுங்க. இவருக்குத்தான் முழங்கால் தண்ணிக்கே மூச்சு வாங்கும்” என்று உங்கள் அக்கா என் மானத்தை அங்கேயே ஏலம் விட்டாள். அடுத்த வாரம் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு நீச்சல்குளத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். வயிற்றில் ரப்பர் வளையம் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எல்.கே.ஜி., அந்தப் பக்கம் யு.கே.ஜி. அதில் ஒரு வாண்டு, “பயப்படாதீங்க தாத்தா, நானிருக்கேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. கம்பெனியில் நான் ஒரு சத்தம் போட்டால் அத்தனை மெஷினும் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் நான் கோபப்படவில்லை. போவதென்றால் நல்லபடியாகப் போவோம் என்று காங்கேயத்தில் என் அக்கா செல்லாத்தாளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். “ஏஞ்சாமி, கூடப்பொறந்தவளை உட்டுப்போட்டா கடல் தாண்டறே?” என்று கண்ணைத் துடைத்தாள். எனக்கென்ன கல்நெஞ்சமா? வரச் சொன்னேன். அவள் வந்தால் அவள் வீட்டுக்காரர் வராமல் இருப்பாரா? அவர் வந்தால் அவருடைய தம்பி குடும்பம்? சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று அவர்களையும் கூப்பிட்டேன். பக்கத்து கம்பெனிக்காரர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. செல்லாத்தாள் அக்கா அங்கே சமைக்க ஒரு டின் கடலை எண்ணெயும் குக்கரும் எடுத்து வைத்தாள். ஜெபக்குமார், “சார், இது ஹனிமூன் பேக்கேஜ், வேன் பேக்கேஜ் இல்ல” என்று முனகினான். கூட்டம் தொலைந்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட் தைத்து, நெஞ்சில் இங்கிலீஷில் ‘பாலி’ என்று அடித்துத் தரும்படி பிரிண்டிங் முனீஸிடம் கொடுத்தேன். அவன் இரண்டு எழுத்தை இடம் மாற்றி ‘பெயில்’ என்று அடித்து வைத்திருக்கிறான். சின்னக் குழந்தை முதல் சம்பந்தியம்மா வரை ஜாமீனில் வந்தவர்கள் மாதிரி ஏர்போர்ட்டில் போய் நிற்பதா? கேட்டால், “எழுத்து நாலும் சரியாத்தானுங்களே இருக்கு” என்கிறான்.

அந்த டீ-ஷர்ட் மூட்டையை நான் வீட்டில் பிரித்தேன். பழனாயி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இத்தனை பேருங்களா?” என்றாள். “ஆமா, கலகலப்பா இருக்குமில்ல” என்றேன். கையிலிருந்ததை மடித்து மூட்டையில் வைத்துவிட்டு, “நா கேட்டது நம்ம ரெண்டு பேரைத்தானுங்க” என்றாள். பிறகு தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நா வரலீங்க” என்று மாவாட்டப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை, நியாயத்தைச் சொல்லுங்கள். நீச்சல்குளத்தில் தண்ணீர் குடித்தவன் நான். ஊரையே திரட்டியவன் நான். கடைசியில் குற்றவாளியும் நானா? அன்றே ஜெபக்குமாருக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். செல்லாத்தாள் அக்கா என்னோடு பேசுவதில்லை. உங்கள் அக்கா பேசுகிறாள், ஆனால் “சாப்பாடு ஆச்சு” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. தீவுதான் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் தீவு, ஸ்ரீரங்கமும் தீவு. இரண்டுக்கும் பாஸ்போர்ட் வேண்டாம், குளியலறைக்குக் கூரையும் உண்டு. இந்தக் குடும்பம் இனி எந்தக் கடலையும் தாண்டாது. இது முடிவு. நீங்களும் இனி எங்கே போய் வந்தாலும் படத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். கோபம் உங்கள் மேல் மட்டும்தான்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்
கந்தப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெபக்குமார் போன். “சார், பிளைட்ல உங்களுக்கு வெஜ்தானே? அம்மாவுக்கு என்னன்னு கேட்டுட்டேன், உங்களுக்குக் கேக்க மறந்துட்டேன்.” எந்த பிளைட் என்றேன். “வெள்ளிக்கிழமைதான் சார். நீங்க ரத்து பண்ணச் சொன்ன அன்னைக்கே அம்மா நேர்ல வந்து, ரெண்டு டிக்கெட்டை மட்டும் விட்டு வைக்கச் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொன்னா மறுபடியும் ஊரைக் கூட்டிருவீங்களாம்.” உள்ளே போய்ப் பார்த்தேன். உங்கள் அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். “நாலு சட்டை போதுமுங்களா?” என்றாள். போதும் என்றேன். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம், மாப்பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள். அங்கே ரெண்டே பேர். மெஷின் சத்தம் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. நீங்களும் சித்ராதேவியும் பகல் முழுக்க என்னதான் பேசிக்கொண்டிருந்தீர்கள்? வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் கொஞ்சம் ஒத்திகை பார்த்துக்கொள்வேன்.