ஜோசியர் வீட்டுக் கம்ப்யூட்டர்

காளிச்சாமி காலையில் எழுந்தார். குளித்தார். விபூதி பூசினார். காபி குடித்தார். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். போத்தனூரில் அவருடைய ஜோசியத் தொழில் தினமும் இந்த வரிசையில்தான் தொடங்கும்.

இன்று கம்ப்யூட்டர் ஒத்துழைக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. கருமத்தம்பட்டியில் பவர்லூம் வைத்திருக்கும் பாலகோபால், மகள் லோகப்பிரியாவுடன் இறங்கினார். இரண்டு ஜாதகக் கவர்களை மேசையில் வைத்தார்.

"பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லோணும். பொருத்தம் பாத்துச் சொல்லிப்போடுங்க."

"உக்காருங்க. அஞ்சே நிமிசம்."

அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்வது கம்ப்யூட்டர். பிரின்ட்டைப் படிப்பதுதான் காளிச்சாமி. கையால் கணிப்பது அவருக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. இது மனைவி மாசாணியம்மாளுக்கு மட்டுமே தெரியும்.

"ராகு காலத்துல ஆன் பண்ணியிருப்பீங்க," என்றாள் அவள்.

"மிஷினுக்கு ஏது அம்மணி ராகு காலம்? சும்மா இரு."

சொன்ன பிறகுதான் பாலகோபால் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். அவசரமாக மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான் காந்திபுரத்துல மாட்டிக்கிட்டேனுங்க," என்றான் மெக்கானிக். "லைன்லயே இருங்க, சொல்றேன். பட்டனை விடாம அமுத்துங்க. அணைஞ்சதும் மறுக்கா போடுங்க."

போட்டார். வட்டம் மறைந்தது. பதிலுக்குப் பெட்டி வீல் வீலென்று கத்தியது.

"சகுனம் எப்படிங்க?" என்றார் பாலகோபால்.

"சுபம்தானுங்க."

"கத்துதா? நல்லதுங்க," என்றது போன். "மூடியைக் கழட்டுங்க. உள்ள பச்சையா, நீட்டமா ஒரு அட்டை இருக்கும். பிடுங்கி, அழிரப்பர்ல தேச்சு மாட்டுங்க."

வீட்டில் ரப்பர் இல்லை. மாசாணியம்மாள் விபூதித் தட்டோடு வந்தாள்.

"வெள்ளி விளக்கே இதுலதானுங்க பளபளன்னு ஆகுது."

தேய்த்தார். மாட்டினார். பட்டனைத் தட்டினார். உள்ளேயிருந்த ஃபேன் விர்ரென்று சுற்றி, விபூதியை ஒரே மூச்சாகப் பாலகோபால் முகத்தில் ஊதியது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். திரை இருட்டாகவே இருந்தது.

"இன்னும் நல்லதுங்க," என்றான் மெக்கானிக். குரலில் உற்சாகம். "வட்டமா ஒரு பேட்டரி இருக்கும். நோண்டி எடுத்து, திரும்ப வைங்க."

வைத்ததும் திரை பளிச்சென்று எரிந்தது. நால்வரும் எழுந்து நின்றார்கள். 2009 ஜனவரி ஒன்று என்று தேதி காட்டியது.

"அப்ப முடிஞ்ச ஏழரைச் சனி எனக்கு மறுக்கா வருமுங்களா?" என்று பாலகோபால் பதறினார்.

காளிச்சாமி பதில் தேடுவதற்குள் திரை அணைந்தது. ஃபேனும் நின்றது.

"அது கெடக்குதுங்க. உங்க கைக்கு முன்னால மிஷின் எதுக்கு?" என்றார் பாலகோபால். "கையிலயே கணிச்சுப்போடுங்க. எங்கூரே உங்களை நம்பித்தான் கல்யாணம் பண்ணுது."

காளிச்சாமி போனை மேசையில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். ராசிக் கட்டம் போட்டார். எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான் இருந்தது. அழிக்கலாமென்றால் ரப்பரும் இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் கருமத்தம்பட்டி முழுக்கச் சிரிக்கும். நெற்றி விபூதி வியர்வையில் மூக்குக்கு இறங்கியது.

அந்த நேரம் பாலகோபாலின் போன் அடித்தது. தறியில் ஏதோ கோளாறு. திட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

அதுவரை வாயே திறக்காத லோகப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"ஏனுங்க, கையில கணிச்சேன், எட்டுப் பொருத்தம் இருக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லிப்போடுங்க."

"அதெப்படி கண்ணு? நான் இன்னும் கவரையே பிரிக்கலையே. கம்ப்யூட்டர் ஓடட்டும், பாத்துச் சொல்றேன்."

"நீங்க சொன்னாத்தானுங்க அது ஓடும். உங்க போன்ல இன்னும் லைன்ல இருக்கறவருதானுங்க மாப்பிள்ளை."