கரண்ட் வைக்கிற பெண்ணைப் பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். அங்கே நீங்களும் என் மகளும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு எழுத்தில் பதில் சொல்வதுதான் மரியாதை. நீங்கள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள், மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், "மாமா, நீங்கதான் தினமும் பாக்குறீங்க, ஆள் எப்படின்னு உள்ளதைச் சொல்லுங்க, நான் மேல பேசுறேன்" என்றீர்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் வீடியோவில் நீங்கள் "முழங்காலைக் காட்டுங்க" என்று தொடங்கி முழங்காலோடு முடித்துவிடுகிறீர்கள். நானும் போனை அதற்கு நேராகவே பிடித்துக்கொண்டிருப்பதால், முழங்காலுக்கு மேலே ஓர் ஆள் இருப்பதைக் காட்டச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. போன மாதம் நான் மீசையை எடுத்தது உங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது. ஆகவே கடிதம்.

உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் பெண் உங்கள் ஊருக்குச் சரிப்பட மாட்டாள். அவள் கிளம்பினால் இங்கே அவள் பயிற்சி கொடுக்கிற இடத்தை மூட வேண்டியதுதான், நடத்த வேறு ஆள் கிடையாது. அதற்காகத்தான் கிழவன் இப்படி எழுதுகிறான் என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம்.

முதல் குற்றம், இடம். கீழே மருந்துக்கடை, மேலே இவள். ஏறிப் போகச் செங்குத்தாய் ஒரு மாடிப்படி, லிப்ட் கிடையாது. இந்தப் படியை ஏறுகிறவனுக்கு வைத்தியம் எதற்கு, வைத்தியம் தேவைப்படுகிறவன் இந்தப் படியை எப்படி ஏறுவான்? கேட்டால், "அதுதான் சார் முதல் எக்சர்சைஸ்" என்று சிரிக்கிறாள். தெருவில் ஒருவருக்கும் அவள் என்ன படித்தாள் என்றே தெரியாது. மருந்துக்கடைக்காரர், "மசாஜ் பண்ற பொண்ணா? மேல போங்க" என்பார். வருகிறவர்கள் "கரண்ட் வைக்கிற பொண்ணு" என்பார்கள். எலும்பு டாக்டர் சீட்டில் 'பயிற்சி' என்று ஒரே ஒரு வார்த்தை கிறுக்கி அனுப்புவார், மிச்சத்தை இவள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வலிக்கு லேசாக மின்சாரம் கொடுக்கிற அந்தக் கரண்ட் மெஷினும் ஒன்றே ஒன்று. என் முழங்காலில் கொஞ்ச நேரம், பிறகு தையல்காரம்மா கழுத்தில் கொஞ்ச நேரம் என்று கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி கைமாறும். பாதியில் மின்சாரம் போய்விட்டால் இவள் அசராமல் கையாலேயே வேலையைத் தொடர்வாள். "கரண்ட் வெக்காம சும்மா கையால அமுக்கி அனுப்பிட்டியேம்மா" என்று தையல்காரம்மா குறைப்பட்டுக்கொண்டேதான் கழுத்தை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டாவது, தேவையில்லாத கேள்விகள். காலைக் காட்டியதும் காலைப் பார்க்க வேண்டியதுதானே? "வீட்டுல கூட யார் இருக்காங்க சார்? பாத்ரூம்ல பிடிச்சுக்க ஏதாவது இருக்கா? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தாள். மூட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? யாரும் இல்லை, எதுவும் இல்லை, பிஸ்கட் என்று மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். மறுநாள் பிளம்பரைக் கூப்பிட்டு என் குளியலறையில் கைப்பிடி அடிக்க வைத்துவிட்டாள். பிஸ்கட் விஷயத்துக்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன். உங்கள் மாமியார் போன பிறகு என்னை அப்படித் திட்ட இந்த ஊரில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

மூன்றாவது, செங்கல். காலில் கட்டித் தூக்கிப் பழக எடைப்பை வேண்டும், அவளிடம் இருந்த ஒன்றும் கிழிந்துபோயிற்று. "ஒரு செங்கல்லைத் துணியில சுத்தி கணுக்கால்ல கட்டிக்கோங்க சார், எடை எடைதானே" என்றாள். நானும் சொன்ன பேச்சைக் கேட்டு, காற்றாட இருக்கட்டும் என்று கிணற்றடியில் நாற்காலியைப் போட்டுக் காலில் கல்லைக் கட்டினேன். மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டியை இழந்தவன், தனிக்கட்டை, காலில் கல், பக்கத்தில் கிணறு! மனுஷன் சட்டை போடாமல் ஓடிவந்து என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வேணாம் சார், எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் சார்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷமாகப் படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. பயிற்சி என்று விளக்கியும் அவர் நம்பவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் கதவைத் தட்டி, "தீப்பெட்டி இருக்கா சார்?" என்று கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டில் தீப்பெட்டியே மிஞ்சவில்லை.

நான்காவது, நோயாளிகளிடம் வேலை வாங்குவது. இவள் ஒருத்தி, வந்து குவிகிறவர்கள் ஒரு பஸ் கூட்டம். அதனால் ஒருவருக்கு இன்னொருவர் எண்ண வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறாள். பக்கவாதத்தில் வலது கை விழுந்த கொத்தனார் மேஸ்திரி ஒருவர் வருகிறார், ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கோலிக்குண்டுகளை எடுத்துப் போடுவது அவர் பயிற்சி, அதை எண்ணுவது என் உத்தியோகம். சர்வீஸ் முழுக்கப் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே நின்று கத்திய கண்டக்டர் தொண்டை, வீட்டில் கேட்கச் சுவரைத் தவிர ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. அங்கே போனதும் தானாகத் திறந்துகொண்டது. பத்து முடிந்ததும் பழக்க தோஷத்தில் "ரைட், போலாம்!" என்று கத்திவிட்டேன். அன்றைய வைத்தியம் முடிந்தது என்று அறையே எழுந்து செருப்பைத் தேடிற்று. அவள் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு, "யாரும் எறங்காதீங்க, சார் சும்மா சொல்றாரு!" என்கிறாள். ஆஸ்பத்திரி நடத்துகிற லட்சணமா இது, நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தாவது குற்றத்தை மன்னிக்கவே முடியாது. அவள் ஏமாற்றுக்காரி. முழங்காலை மடக்க வந்தால் நான் விட மாட்டேன், எனக்கு உயிர் போகும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். "சார், உங்க ரூட்ல ஸ்டாப் எல்லாம் வரிசையா சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட், கோர்ட் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போக, ஸ்டாப்புக்கு ஒரு நெல் அளவு காலை மடக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். முதல் நாள் மார்க்கெட்டிலேயே அலறி இறங்கிவிட்டேன். இந்த வாரம் ரயில்வே கேட் தாண்டியாயிற்று. பெரியவனை இப்படி நூதனமாக ஏமாற்றுகிறவளை நம்பி உங்கள் ஊர் நோயாளிகளை ஒப்படைப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, இருவரும் நீடூழி வாழ என் ஆசிகள். மகளிடம் இந்தக் கடிதத்தில் மீசை வரை மட்டும் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போகிற வழியில் மருந்துக்கடை மாடிக்கு ஏறினேன். கூட்டம் கலைந்திருந்தது. அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அங்க அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். சம்பளம் என்பாள், குளிர் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "அங்க ஒரு பேஷண்டுக்கு அரை மணி நேரமாம் சார். அரை மணி நேரமும் அவங்க ஒருத்தரை மட்டும் பாக்கலாமாம்" என்றாள். சின்னப் பிள்ளை கடலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "இங்க நான் இதுவரைக்கும் யாரையுமே முழுசாப் பாத்ததில்ல சார். உங்க காலைப் பிடிச்சிருக்கப்பவே கண்ணு மேஸ்திரி கையில இருக்கும். அவருகிட்ட போனா தையலக்கா கூப்பிடுவாங்க. எல்லாரும் போனப்புறம், யாருக்கு எதை விட்டேன்னுதான் மனசுல ஓடும்."

நான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன் மாப்பிள்ளை.

மேலே எழுதியதில் சம்பவம் எல்லாம் நிஜம், தீர்ப்பு பொய். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று உறையைப் பிரித்து உட்கார்ந்தேன். அவள் போவதற்கு நானே நல்ல வார்த்தை எழுதுவதென்றால் கை ஓட மாட்டேன் என்கிறது. எனவே இதையே அனுப்புகிறேன். குற்றம் என்று எழுதிய இடத்திலெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று படித்துக்கொண்டு, மேலே சொல்ல வேண்டியவரிடம் உடனே சொல்லுங்கள். என் கால் மடங்குகிறபடி மடங்கட்டும்.

ஒன்றே ஒன்று. அவளுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள், கூட உட்கார்ந்து பேசுங்கள். பேச ஆளில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை லேசில் முடிவதில்லை.